நோக்கியா பேசிய மொழிகள்

நோக்கியா என்பது முதலில் ஓர் ஊரின் பெயர். பின்லாந்தில் தாம்பரே நகருக்கு அருகே, நோக்கியன்விர்த்தா என்னும் ஆற்றின் கரையில் அந்த ஊர் இருக்கிறது. 1865-இல் பிரெட்ரிக் இடெஸ்டாம் என்ற சுரங்கப் பொறியாளர் தாம்பரேயில் மரக்கூழ் ஆலை ஒன்றைத் தொடங்கினார்; சில ஆண்டுகளில் இரண்டாவது ஆலையை நோக்கியாவில் நிறுவினார். 1871-இல் நிறுவனம் அந்த ஊரின் பெயரைச் சூடிக்கொண்டது. பிறகு ஊரை அங்கேயே விட்டுவிட்டுப் பெயர் மட்டும் புறப்பட்டுவிட்டது. தலைமையகம் எஸ்போவுக்குப் போயிற்று. கோடிக்கணக்கானவர்கள் அந்தப் பெயரை நாள்தோறும் கையில் ஏந்தித் திரிந்த காலத்திலும், அப்படி ஓர் ஊர் உண்டென்று அறிந்தவர் மிகச் சிலரே.

ஐயம்பேட்டைக்காரர்களாகிய எங்களுக்கு இதில் வியப்பொன்றும் இல்லை. காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் அமைந்த எங்கள் ஊரில் நெய்யப்படும் சேலை, தறியை விட்டு இறங்கிக் கடை ஏறும்போது ‘காஞ்சிப் பட்டு’ ஆகிவிடுகிறது. ஐயம்பேட்டைச் சேலை வேண்டும் என்று கேட்டு வாங்கியவரை நாங்கள் கண்டதில்லை. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2005–06-இல். அதே 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில்தான் திருப்பெரும்புதூரில் செல்பேசி ஆலை அமைக்க நோக்கியா நிறுவனம் தமிழக அரசோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. எங்கள் மாவட்டத்தின் ஊர்ப்பெயர் ஒன்று சட்டக் காப்புப் பெற்ற வேளையில், ஆறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து இன்னோர் ஊர்ப்பெயர் இங்கே வந்து இறங்கியது.

நோக்கியாவின் எழுச்சி, வீழ்ச்சி பற்றி மேலாண்மைத் துறையினர் எழுதிக் குவித்திருக்கிறார்கள். இயங்குதளம், பங்கு விலை, சந்தைப் பங்கு என்று அவர்களுடைய அளவுகோல்கள் வேறு. இலக்கியம் படிக்கிறவர்கள் என்ற ஒரே தகுதியோடு நாங்கள் பார்க்க விரும்புவது அந்த நிறுவனத்தின் பேச்சை. நிறுவனம் வெளியாரிடம் பேசுவது விளம்பரம். தன் ஆட்களிடம் பேசுவது தலைமை. இரண்டும் உரைநடைதானே. இருபது ஆண்டுகளில் அந்த உரைநடை மாறிய விதத்தில் எங்கள் பகுதிப் பிள்ளைகள் சில ஆயிரம் பேரின் வாழ்க்கையும் மாறிற்று.

மரக்கூழில் தொடங்கிய நிறுவனம் பிற்காலத்தில் ரப்பர் காலணியும், மின்கம்பியும், தொலைக்காட்சிப் பெட்டியும் செய்தது. 1977 முதல் தலைமை வகித்த காரி கைராமோ ஆசைக்காரர். ஐரோப்பாவின் தொலைக்காட்சி நிறுவனங்களை ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். 1988 டிசம்பரில் அவர் தற்கொலை செய்துகொண்டார். அடுத்த சில ஆண்டுகளில் சோவியத் ஒன்றியம் சிதறியது. அதனோடு வாணிகம் செய்துவந்த பின்லாந்தின் பொருளாதாரம் படுத்துவிட்டது. நோக்கியாவை ஸ்வீடனின் எரிக்சனுக்கு விற்றுவிடலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. இந்த நிலையில் 1992-இல் பொறுப்பேற்றவர் யோர்மா ஒல்லிலா. சிட்டி வங்கியில் பணியாற்றிவிட்டு 1985-இல் நோக்கியாவுக்கு வந்தவர். மற்றத் தொழில்களையெல்லாம் கழித்துக்கட்டிவிட்டுத் தொலைத்தொடர்பை மட்டும் பிடித்துக்கொண்டார்.

ஒல்லிலாவின் தலைமை ஒற்றை ஆளின் தலைமையன்று. அவரைச் சுற்றி நால்வர் இருந்தனர்: பெக்கா அலா-பியெத்திலா, மத்தி அலாஹுஹ்தா, சாரி பால்டாஃப், ஒல்லி-பெக்கா கல்லாஸ்வோ. 1998-இல் நிறுவனம் மோட்டரோலாவை முந்தி உலகின் முதலிடத்துக்கு வந்தது. அந்த உச்சத்தில் அவர் செய்த காரியம் விசித்திரமானது. இவர்களின் பொறுப்புகளை ஒருவருக்கொருவர் மாற்றிக் கொடுத்தார். வலையமைப்பை அறிந்தவர் செல்பேசிக்குப் போனார். செல்பேசியை அறிந்தவர் வேறு பக்கம் போனார். தெரிந்ததையே செய்துகொண்டிருப்பவர்களின் காது மந்தமாகிவிடும் என்ற அச்சம் இதற்குக் காரணம் என்று கொள்ளலாம்.

‘மக்களை இணைத்தல்’ என்று தமிழில் சொல்லத்தக்க அந்த முழக்கம் 1992-இல் பிறந்தது. அதில் கருவியைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை என்பது கவனிக்கத்தக்கது. 1994-இல் வந்த 2110 செல்பேசியில் நோக்கியாவின் அழைப்பொலி அமைந்தது. ஸ்பெயின் நாட்டு கிதார் கலைஞர் பிரான்சிஸ்கோ தாரேகா 1902-இல் இயற்றிய நடன இசையின் ஒரு சிறு துண்டு அது. காப்புரிமைக் காலம் முடிந்துபோன ஓர் இசையை எடுத்துத் தன் முத்திரையாக்கிக் கொண்டார்கள். பேருந்தில் அந்த ஒலி கேட்டால் பத்துப் பேர் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்த காலம் ஒன்றிருந்தது. கட்டணமில்லாமல் ஒலித்த விளம்பரம் அது. அதை ஒலிபரப்பியவர்கள் வாடிக்கையாளர்கள்.

இந்தியாவில் செல்பேசியின் கதையே நோக்கியாவோடு தொடங்குகிறது. 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு கல்கத்தாவிலிருந்து டெல்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக்ராமை அழைத்தபோது, கருவியும் வலையமைப்பும் நோக்கியாவுடையவை. அன்று பேசினாலும் காசு, கேட்டாலும் காசு; நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய்வரை. அப்படிப்பட்ட பணக்காரப் பொருளை விற்றுக்கொண்டே அந்நிறுவனம் நாட்டின் மொழியைக் கற்கத் தொடங்கியது. 1998-இல் 5110 செல்பேசியில் இக்பாலின் ‘சாரே ஜஹான் சே அச்சா’ அழைப்பொலியாக வந்தது. 2000-இல் இந்தி மெனு வந்தது. பின்னாளில் தமிழும் வந்தது. அன்று இணையத்தில் தமிழ் எழுத்துருக்களோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்த எங்களைப் போன்றவர்களுக்கு, ஒரு பன்னாட்டு நிறுவனத்தின் சின்னஞ்சிறு திரையில் தமிழ் தெரிந்தது சாதாரணச் செய்தியாக இருக்கவில்லை.

2003 மே மாதம் முதல் வரும் அழைப்புகளுக்குக் கட்டணம் இல்லை என்றாயிற்று. அதே ஆண்டில் வெளிவந்தது 1100. நோக்கியாவின் பேச்சு மிகத் தெளிவாக இருந்த காலம் எதுவென்று கேட்டால் நாங்கள் இந்த ஒரு கருவியைத்தான் காட்டுவோம். புழுதி புகாதபடி விசைகளின் மேல் ஒரே ரப்பர் உறை. வியர்த்த கையிலும் வழுக்காத பக்கங்கள். தலையில் ஒரு டார்ச் விளக்கு. இந்தியாவுக்காகவே செய்தது என்று விளம்பரம் சொன்னது. சொன்னதை உடனே கையில் எடுத்துச் சரிபார்த்துக்கொள்ள முடிந்தது. பொருளின் பெயர்கூட ஓர் எண்தான். கவிதையும் இல்லை, கனவும் இல்லை. உலகெங்கும் 25 கோடிக்கு மேல் விற்றது. மனிதன் செய்த மின்னணுக் கருவிகளில் இவ்வளவு விற்றவை மிகக் குறைவு.

டார்ச் விளக்கைப் பற்றி ஒரு வார்த்தை. குழித்தறி போட்ட வீடுகளின் உட்பகுதி பகலிலேயே மங்கலாகத்தான் இருக்கும். 2008-இலிருந்து தமிழகத்தில் மின்வெட்டு பெருகி, 2012-இல் தாங்க முடியாத அளவுக்குப் போனது நினைவிருக்கலாம். பட்டுப் பாவில் ஓர் இழை அறுந்தால் அது எந்த விழுதிலிருந்து வந்தது என்று தேடி எடுத்து முடிய வேண்டும். அந்தச் சிறு விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு இழை முடிந்தவர்களை நாங்கள் எங்கள் தெருவில் பார்த்திருக்கிறோம். எஸ்போவின் வடிவமைப்பாளர் எவரும் இதை எண்ணிப் பார்த்திருக்க மாட்டார். ஆனால் இருட்டு உண்டு, புழுதி உண்டு, வியர்வை உண்டு என்று யாரோ வந்து பார்த்துப் போயிருந்தார்கள். அந்தக் காலத்தில் நோக்கியா சந்தைகளுக்குத் தன் ஆய்வாளர்களை அனுப்பி, மக்கள் செல்பேசியை எங்கே வைக்கிறார்கள், எப்படிப் பழுது பார்க்கிறார்கள், ஒரே கருவியை எத்தனை பேர் பகிர்கிறார்கள் என்றெல்லாம் குறிப்பெடுத்தது. கேட்ட பிறகு பேசியது.

2007 ஆகஸ்டில் ஒரு சோதனை வந்தது. ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனம் செய்து கொடுத்த பிஎல்-5சி மின்கலங்களில் 4 கோடியே 60 லட்சம் சூடேறக்கூடும் என்று நோக்கியாவே அறிவித்தது. இந்தியாவில் செல்பேசி வெடிக்கும் என்ற வதந்தி காட்டுத்தீயாகப் பரவியது. மின்கலத்தின் பின்புறமுள்ள எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்பினால் மாற்றவேண்டுமா, வேண்டாமா என்று பதில் வந்தது, மாற்றித் தந்தார்கள். குறையை மறைக்காமல் சொன்னதால் பெயர் கெடவில்லை. அதற்குப் பின் அந்த அளவு வெளிப்படையாக அந்நிறுவனம் எதையும் சொன்னதாக எங்களுக்குத் தோன்றவில்லை.

நிற்க. திருப்பெரும்புதூருக்கு வருவோம். இராமானுசர் பிறந்த ஊர். அவர் கல்வி தேடிக் காஞ்சிக்கு வந்தார் என்பர். 2006 தொடக்கத்திலிருந்து எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அதே வழியில் எதிர்த்திசையில் போகலானார்கள். சிப்காட் தொழிற்பேட்டைக்குள் சிறப்புப் பொருளாதார மண்டலம்; உதிரிப் பாகங்கள் செய்யும் நிறுவனங்களும் அதே வளாகத்துக்குள். ஆலை உச்சத்தில் இருந்தபோது நோக்கியாவில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள், பன்னிரண்டாம் வகுப்போ பட்டயப் படிப்போ முடித்தவர்கள். நிறுவனத்தின் பேருந்து ஊருக்கே வரும், சீருடை உண்டு, உணவு உண்டு, மாதச் சம்பளம் வங்கியில் விழும். தறியில் சேலை முடிந்தால்தான் கூலி என்றிருந்த வீடுகளில், குறித்த தேதியில் வரும் பணம் என்பதே ஒரு புதிய பொருள்.

இங்கே நெசவு அறியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். காஞ்சிச் சேலையின் உடலும் கரையும் வெவ்வேறு நிறத்தில் இருக்கும். இரண்டையும் ஊடை நூலால் பிணைப்பதைக் கோர்வை என்பார்கள். அதற்கு மூன்று நாடாக்கள் வேண்டும், தறியில் இருவர் வேண்டும். நெய்கிறவர் ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து கரைக்கு நாடா தள்ளுகிறவர் இன்னொருவர். இந்த இரண்டாமவர் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணாகவோ பிள்ளையாகவோ இருப்பார். அவருக்குத் தனிக் கூலி கிடையாது. பெயரும் கிடையாது. அந்த இருக்கையிலிருந்து எழுந்து போனவர்கள்தான் செல்பேசியின் பலகையில் நுண்ணிய பாகங்களைப் பொருத்தும் வரிசைக்குப் போய் நின்றார்கள். இளம்பெண்களின் விரல்கள் நயமானவை என்று மின்னணுத் தொழிலில் எல்லா நாட்டு முதலாளிகளும் சொல்லும் காரணம் ஒன்றுண்டு. அந்த நயம் எங்கே, யாருடைய ஊதியமில்லாத உழைப்பில் பழகியது என்று அவர்கள் கேட்டதில்லை. ஒரு பக்கம் பார்த்தால் அந்தப் பெண்களுக்கு இது விடுதலை. அதை மறுக்கும் நெசவுப் பெருமிதத்தில் எங்களுக்கு உடன்பாடில்லை. கோர்வைக்கு ஆள் கிடைக்காமல் தறிகள் ஓய்ந்ததும் உண்மை.

2006 ஜூனில் ஒல்லிலா விலகி, ஐவரில் ஒருவரான கல்லாஸ்வோ தலைமைக்கு வந்தார். சட்டம் படித்தவர், நிதித்துறையை நடத்தியவர். குறைசொல்ல முடியாத நிர்வாகி. ஆனால் பேச்சின் தொனி மாறிற்று. 2007 ஜனவரியில் ஆப்பிளின் ஐபோன் அறிவிக்கப்பட்டது. நோக்கியாவும் தன்னை இணையச் சேவை நிறுவனம் என்று அழைத்துக்கொள்ள விரும்பியது. அந்த ஆண்டே ‘ஓவி’ என்ற சேவையை அறிவித்தது. ஓவி என்றால் பின்னிஷ் மொழியில் கதவு. வரைபட நிறுவனமான நாவ்டெக்கை 810 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது. இந்தியாவில் 2008-இல் ஐபிஎல் தொடங்கியபோது கொல்கத்தா அணியின் சட்டையில் நோக்கியாவின் பெயர் ஒளிர்ந்தது. டார்ச் விளக்கைக் காட்டி விற்றவர்கள் இப்போது நட்சத்திரங்களைக் காட்டி விற்றார்கள்.

முழுக்கவே அப்படி என்று சொல்வதும் நியாயமாகாது. 2009-இல் ‘நோக்கியா லைஃப் டூல்ஸ்’ என்று ஒரு சேவை வந்தது. விளைபொருள் விலை, வானிலை, ஆங்கிலப் பாடம் ஆகியவற்றை இந்திய மொழிகளில் குறுஞ்செய்தி வழியே தந்தது. பழைய காது இன்னும் எங்கோ ஒரு மூலையில் வேலை செய்துகொண்டிருந்தது என்பதற்கு இது சான்று.

அந்தக் காது எங்கே தவறவிட்டது என்பது சந்தையில் எல்லோர் கண்ணிலும் பட்டது. நம் மக்கள் இரண்டு சிம் அட்டைகள் வைத்துக்கொண்டார்கள். ஒன்றில் பேச்சுக் கட்டணம் குறைவு, மற்றதில் குறுஞ்செய்தி இலவசம். ஒன்றைக் கழற்றி மற்றொன்றைச் செருகி நகத்தைத் தேய்த்துக்கொண்டார்கள். சீனத்திலிருந்து வந்த மலிவுக் கருவிகளும், மைக்ரோமேக்ஸ் போன்ற இந்திய நிறுவனங்களும் இரட்டைச் சிம் கருவிகளைக் கொண்டுவந்து குவித்தபோது, நோக்கியாவிடம் அது இல்லை. 2010-இல்தான் அறிவித்தது, கடைகளில் பரவலாகக் கிடைக்க 2011 ஆயிற்று. புழுதியையும் வியர்வையையும் பார்த்தவர்கள் நகத்தைப் பார்க்கவில்லை.

ஏன்? இதற்கு நாங்கள் படித்ததில் மிகத் தெளிவான விடை, திமோ வுவோரி, குய் ஹுய் என்னும் இரு ஆய்வாளர்கள் நோக்கியாவில் பணியாற்றியவர்களை நேர்கண்டு எழுதி 2016-இல் வெளிவந்த ஆய்வு. நிறுவனத்துக்குள் அச்சம் நிலவியது என்கிறார்கள். மேல்மட்டத்தினர் போட்டியாளர்களுக்கும் பங்குதாரர்களுக்கும் அஞ்சினர். இடைமட்டத்தினர் மேல்மட்டத்தினருக்கு அஞ்சினர். தங்கள் மென்பொருள் காலத்தில் முடியாது என்று தெரிந்தவர்கள் அதைச் சொல்லவில்லை. சொன்னால் முடியாதவர் என்ற பெயர் வரும். ஆக, தலைவர்கள் நம்பிக்கையான அறிக்கைகளைப் படித்து நம்பிக்கையாகப் பேசினார்கள். அரசவைகளைப் பற்றிய நம் பழங்கதைகளில் வரும் நோய்தான் இது. மருந்தும் அங்கேயே சொல்லப்பட்டிருக்கிறது; இடித்துரைக்கும் அமைச்சன் என்று.

ஆலையிலும் பேச்சு முறிந்துகொண்டிருந்தது. 2009-இலும், 2010 ஜனவரி, ஜூலை மாதங்களிலும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. ஊதியம், தொழிற்சங்கம், இடைநீக்கம் செய்யப்பட்டவர்களின் நிலை ஆகியவை கோரிக்கைகள். அதே ஆண்டின் பிற்பகுதியில் இயந்திரத்தில் சிக்கி ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார். மக்களை இணைப்பதாகச் சொன்ன நிறுவனம் தன் வாயிலில் நின்றவர்களிடம் அறிவிப்புப் பலகை வழியாகப் பேசியது.

2010 செப்டம்பரில் கல்லாஸ்வோ நீக்கப்பட்டு, மைக்ரோசாஃப்டிலிருந்து கனடாக்காரரான ஸ்டீஃபன் ஈலாப் அழைத்துவரப்பட்டார். பின்லாந்துக்காரர் அல்லாத முதல் தலைவர். 2011 பிப்ரவரியில் அவர் ஊழியர்களுக்கு எழுதிய மடல் வெளியே கசிந்தது. வடகடலில் எண்ணெய் எடுக்கும் மேடை ஒன்று எரிகிறது. அதில் வேலை செய்யும் ஒருவன் உறக்கம் கலைந்து எழுகிறான். நின்றால் நெருப்பு, குதித்தால் உறைபனிக் கடல். அவன் குதிக்கிறான், பிழைக்கிறான். நாமும் எரியும் மேடையில் நிற்கிறோம் என்பது மடலின் சாரம்.

மடலை உரைநடை என்று எடுத்துக்கொண்டு படித்தால் அது திறமையான எழுத்து என்பதில் ஐயமில்லை. போட்டியாளர்களைப் பற்றி அதில் சொல்லப்பட்டவை பெரும்பாலும் உண்மை. அச்சத்தில் மூடிக் கிடந்த வாய்கள் சொல்லாததை அது சொன்னது. ஆனால் உவமைக்கு அதன் மூலக்கதையையும் சேர்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டும். 1988 ஜூலையில் வடகடலில் பைப்பர் ஆல்ஃபா என்ற மேடை எரிந்தது. 167 பேர் மாண்டனர். குதித்துப் பிழைத்த ஒருவரின் கதையிலிருந்துதான் மேலாண்மை உலகில் இந்த உவமை உலவத் தொடங்கியது. மடலின் கதையில் மேடையில் நிற்பவன் ஒருவன் மட்டுமே. 167 பேருக்கு அதில் இடமில்லை. குதிக்க முடிவெடுப்பவன் யார், குதிக்கும் உரிமை இல்லாதவர் யார் என்ற கேள்வி எழாதபடி கதை சுருக்கப்பட்டுவிட்டது. திருப்பெரும்புதூரின் இரவுப் பணியில் நின்றவர்கள் எந்த உவமைக்குள்ளும் வரவில்லை.

வாணிக நோக்கில் பார்த்தாலும் அந்தப் பேச்சு விபரீதமாயிற்று. 2011 பிப்ரவரி 11 அன்று, சிம்பியன் இயங்குதளத்தைக் கைவிட்டு மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் போனுக்கு மாறப்போவதாக அறிவித்தார்கள். புதிய கருவி கைக்கு வந்ததோ அவ்வாண்டின் இறுதியில். இடைப்பட்ட மாதங்களில் கடையில் இருந்த பொருளைத் தலைவரே எரியும் பொருள் என்று சொல்லியாயிற்று, யார் வாங்குவார்கள்? முகூர்த்த மாதம் நெருங்கும்போது, இந்த ஜரிகை சரியில்லை, தையில் நல்ல ஜரிகை வரும் என்று தன் கடை வாசலிலேயே எழுதிப் போடும் பட்டு வணிகரை எண்ணிப் பார்க்கலாம்.

2011 அக்டோபரில் லண்டனில் லூமியாவோடு ‘ஆஷா’ என்ற மலிவு விலை வரிசையும் அறிமுகமாயிற்று. எண்களால் பெயர் பெற்றுவந்த கருவிக்கு முதன்முறையாக ஓர் இந்தியச் சொல் பெயராயிற்று. நம்பிக்கை என்று பொருள். ஆஷா செல்பேசிகள் திருப்பெரும்புதூரிலும் செய்யப்பட்டன. நம்பிக்கை தேவைப்படாத நாட்களில் 1100 என்று பெயர் வைத்தவர்கள் அவர்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்கிறோம்.

முடிவு விரைவாக வந்தது. 2013 ஜனவரியில் வருமான வரித்துறை ஆலையில் சோதனை நடத்தியது. மென்பொருளுக்காகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிய தொகைக்கு வரி பிடிக்கவில்லை என்று ஏறத்தாழ 2,000 கோடி ரூபாய் கேட்டது. 2013 செப்டம்பரில் செல்பேசிப் பிரிவை 544 கோடி யூரோவுக்கு மைக்ரோசாஃப்டுக்கு விற்க உடன்பாடு ஆயிற்று. தமிழக அரசும் விற்பனை வரிக் கோரிக்கை ஒன்றை அனுப்பியது. ஆலையைக் கைமாற்ற வேண்டுமானால் 3,500 கோடி ரூபாய்க்கு உத்தரவாதம் தேவை என்ற நிபந்தனையை எதிர்த்த நோக்கியாவின் முறையீட்டை 2014 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. 2014 ஏப்ரல் 25 அன்று விற்பனை நிறைவேறியபோது உலகெங்குமுள்ள ஆலைகள் மைக்ரோசாஃப்டுக்குப் போயின, திருப்பெரும்புதூர் போகவில்லை. விருப்ப ஓய்வுத் திட்டம் என்ற பெயரில் ஏறத்தாழ 5,000 பேர் வெளியேறினர். இருபத்தைந்து வயதில் ‘விருப்ப ஓய்வு’! தமிழில் இதைவிடக் கசப்பான தொடர் அந்த ஆண்டு உருவாகவில்லை. மைக்ரோசாஃப்ட் கொள்முதலை நிறுத்திக்கொண்டதும் 2014 நவம்பர் 1 முதல் உற்பத்தி நின்றது. வரி கேட்டது தவறென்று நாங்கள் சொல்லவில்லை. சலுகைகளை அள்ளிக் கொடுத்து அழைத்த அரசும், வந்த நிறுவனமும், வழக்கு மன்றத்தில் பேசிக்கொண்ட மொழியில் அந்த 8,000 பேருக்கு ஒரு சொல்லும் இல்லை என்பதையே சொல்கிறோம்.

ஈலாப் இன்னொரு மடலும் எழுதினார். 2014 ஜூலை 17 தேதியிட்டது; அப்போது அவர் மைக்ரோசாஃப்டின் கருவிகள் பிரிவுத் தலைவர். தெருவில் எதிர்ப்பட்டவரை விளிப்பதுபோன்ற இலகுவான வணக்கத்தோடு மடல் தொடங்குகிறது. உத்திகள், ஒருங்கிணைப்பு, அனுபவங்கள் என்று பல பத்திகள் நகர்ந்த பிறகே, 12,500 பேர் வேலையிழப்பர் என்ற செய்தி வருகிறது. மூன்றாண்டுக்கு முந்தைய மடலில் நெருப்பாவது இருந்தது. இதில் வெப்பமும் இல்லை, குளிரும் இல்லை. ஒல்லிலா காலத்து நோக்கியாவின் மிகச் சிறந்த குணம், சொல்லவேண்டியதை முதலில் சொல்லிவிடுவது. அது எங்கே போய் முடிந்தது என்பதற்கு இந்த மடலே ஆவணம். திருப்பெரும்புதூர்க்காரர்கள் மைக்ரோசாஃப்டின் ஊழியர்கள் ஆகாததால் அந்த 12,500 என்ற எண்ணிலும் அவர்கள் இல்லை.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில், உ. சகாயம் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, கோ-ஆப்டெக்ஸ் நிறுவனம் ஒரு சிறு காரியம் செய்தது. பட்டுச் சேலையோடு, அதை நெய்தவரின் பெயர், படம், எத்தனை ஆண்டு அனுபவம் என்ற விவரங்கள் அடங்கிய அட்டையை வைத்தது. 1935 முதல் தள்ளுபடியையும் பண்டிகையையும் நம்பி விற்றுவந்த ஒரு கூட்டுறவு நிறுவனத்துக்கு இது துணிச்சலான விளம்பரம். சேலை வாங்கிய பெண்மணி நெசவாளரின் முகத்தைப் பார்த்தார். அட்டையால் கூலி எவ்வளவு உயர்ந்தது என்று கேட்டால், எங்கள் தெருவில் அதற்கு மகிழ்ச்சியான பதில் இல்லை. கோர்வைக்கு உட்கார்ந்தவரின் படமும் அந்த அட்டையில் இல்லை. ஆனாலும் செல்பேசியின் மின்கலத்தைக் கழற்றினால் தெரியும் ‘மேட் இன் இந்தியா’ என்ற வரியை விட அது சில அடி முன்னே நின்றது.

நோக்கியா அழிந்துவிடவில்லை. 2014 முதல் 2020 வரை ராஜீவ் சூரி தலைமையில் வலையமைப்புக் கருவிகளின் நிறுவனமாக நிலைபெற்றது. எங்கள் மாவட்டத்திலேயே ஒரகடத்தில் அதற்கான ஆலை இருக்கிறது. செல்பேசிக்கான பெயர் உரிமையை 2016-இல் எச்எம்டி என்ற பின்லாந்து நிறுவனம் பெற்றது. மறுஆண்டு அது பழைய 3310-ஐப் புது உருவில் கொண்டுவந்து நினைவேக்கத்தை விற்றது. 2023 பிப்ரவரியில், அப்போதைய தலைவர் பெக்கா லுண்ட்மார்க், நீல நிறப் பழைய எழுத்துகளை நீக்கிவிட்டுப் புதிய இலச்சினையை வெளியிட்டார். மக்கள் எங்களை இன்னும் செல்பேசி நிறுவனம் என்றே நினைக்கிறார்கள், அந்த நினைவு மாற வேண்டும் என்பது அதற்குச் சொன்ன விளக்கம். புதிய எழுத்துகளில் சில கோடுகள் வேண்டுமென்றே விடுபட்டிருக்கின்றன. கண் அவற்றை நிரப்பிக்கொள்ளும் என்ற துணிவில்.

ஆலையிலிருந்து வெளியேறியவர்களில் கார் தொழிற்சாலைகளுக்குப் போனவர்கள் உண்டு, மணமாகி வேறூர் போனவர்கள் உண்டு, துணிக்கடையில் நிற்பவர்கள் உண்டு. இரண்டொருவர் மீண்டும் தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தனர். கைக்கு வந்த தொகையில் வீட்டுக் கடனை அடைத்தவர்கள் பலர். பூட்டிய ஆலையின் இயந்திரங்கள் விற்கப்பட்டன. ஐந்தாண்டுக்கு மேல் கட்டடம் வெறுமனே கிடந்தது. 2020-இல், பின்லாந்தில் தொடங்கப்பட்ட சால்காம்ப் என்ற இன்னொரு நிறுவனம் அதே கட்டடத்தில் செல்பேசிக்கான மின்னேற்றிகளைச் செய்யத் தொடங்கியது. வேலைக்கு எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள்.